சங்கச் சுவரின் ஏழாவது வரி

1. கறை

“சேர், சுவர்ல கறை வருது. நீங்க ஒருக்கா வந்து பாத்தா நல்லம்.”

ஓவியர் நிர்மலா தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் புத்தளம் அலுவலகத்தில் உட்கார்ந்து, ‘வேலைத்திட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றது’ என்று அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தேன். முற்றுப்புள்ளி மட்டும்தான் பாக்கி. முப்பது வருடத் தொண்டு நிறுவன உத்தியோகத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முற்றுப்புள்ளி வைக்கப் போகிற நேரத்தில்தான் தொலைபேசி அடிக்கும்.

“என்ன கறை? மழைத் தண்ணியா?”

“இல்ல சேர். பிரவுன் கலர். கடலுக்கு மேல கோடு கோடா வருது. அனே சேர், நான் ரெண்டு கோட் பிரைமர் அடிச்சேன், நீங்களும் பாத்தீங்க தானே.”

பார்த்தேன். பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து ஆளுக்கொரு பையோடு புத்தளத்துக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முகாமில் நிவாரணப் பட்டியல் எழுதுவதற்குக் கையெழுத்து அழகாக உள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் இந்த உத்தியோகத்துக்குள் விழுந்தேன். முதலில் அரிசி பருப்பு கொடுத்தோம். பிறகு மலசலகூடம் கட்டினோம், கிணறு தோண்டினோம். பிறகு வாழ்வாதாரம் வந்தது, அதன்பின் நல்லிணக்கம். நான் ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கையில் சுவரோவியம் வந்து சேர்ந்தது. பணம் கொடுப்பவர்களுக்குக் காலத்துக்கொரு ஆசை வரும். அந்த ஆசைக்குப் பொருத்தமாக ஒரு கிராமத்தைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலை.

திட்டம் எளிமையானதுதான். ஒரு கிராமத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரு பொதுச் சுவர். அதில் ஓர் ஓவியரும் ஊர் மக்களும் சேர்ந்து படம் வரையவேண்டும். பெயின்டுக்கும் ஓவியரின் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் வெளிநாட்டு நிதி. முதல் கிராமம் நன்றாக அமைந்தால் வண்ணாத்திவில்லுவில் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கும், களப்புக்குள் தீவாக இருக்கிற உச்சமுனையில் ஒரு சுவருக்கும் அடுத்த கட்டப் பணம் வரும். அமைந்ததா இல்லையா என்று பார்க்க நிதி நிறுவனத்தின் பிரதிநிதி அடுத்த வியாழக்கிழமை வருவதாக இருந்தது. நிர்மலா என்னை அழைத்தது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை.

2. சுவர் எப்படிக் கிடைத்தது

முதல் கிராமம், கற்பிட்டிக்குப் போகிற வழியில், கடல் பக்கம் இருக்கிற ஒரு கரைவலை ஊர். பெயர் வேண்டாம். அங்குள்ளவர்கள் இன்றும் எனக்குச் சலாம் சொல்கிறவர்கள்.

கடற்றொழிலாளர் சங்கத்தின் கட்டடம் கரையிலேயே நிற்கிறது. அதன் பக்கச் சுவர் இருபத்தைந்து அடி நீளம், பத்து அடி உயரம். வெடிப்பு இல்லை. சந்தைக்குப் போகிற பெண்களும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் அதைக் கடந்துதான் போகவேண்டும். நான் டேப் பிடித்து அளந்தேன். விரலால் தட்டி, சாந்து உதிர்கிறதா என்று பார்த்தேன். சுவரின் ஒரு பக்கத்தில் கறுப்பாக ஏதோ எழுதியிருந்தது. என் கண் அதில் பட்டது. ஆனால் வாசிக்கவில்லை.

சங்கத் தலைவர் மக்கீன் நானாவிடம் கேட்டேன். அந்தக் கரையில் பெரிய வலைக்காரர் அவர். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன்.

“இந்தச் சுவர எடுக்கலாமா நானா? எழுத்தெல்லாம் இரிக்கே.”

“அடிங்க சேர், அடிங்க. அது வலை முறை. நாங்க வேற எங்கயும் எழுதிக்கிறோம்.”

எழுத்துமூல அனுமதி கேட்டேன். அரை மணித்தியாலத்தில் சங்க முத்திரையோடு வந்தது. ஒரு மலசலகூடத்துக்கு நான்கு மாதம் அலைந்தவன் நான். இவ்வளவு சுலபமாக ஓர் அனுமதி கிடைத்தால் ஏன் கிடைத்தது என்று யோசித்திருக்கவேண்டும். நான் யோசிக்கவில்லை, சந்தோஷப்பட்டேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். எங்களுக்குச் சுவர் இருந்தது. அதில் எங்களுக்கு முந்தியே எழுதியவர்களும் இருந்தார்கள்.

3. ஊர் கூடிய படம்

பருவம் தொடங்க முந்திய வாரங்கள் அவை. கடல் கொந்தளிப்பு அடங்கவில்லை, ஆட்கள் கரையில் சும்மா இருந்தார்கள். ஓவியர் நிர்மலா சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்துப் பக்கம். சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பவர், வேலையில் கெட்டிக்காரி. முதல் நாள் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, “உங்கட ஊர்ல உங்களுக்குப் பிடிச்சத வரைங்க” என்றார். நாற்பது தாளில் முப்பத்தைந்து தாள் ஒரே மாதிரி வந்தது. ஒரு தென்னை, ஒரு வள்ளம், மறைகிற சூரியன். எங்களைப் போல வந்த யாரோ முன்பு ஒட்டிவிட்டுப் போன போஸ்டர் ஒன்று சங்கத்துக்குள் இருந்தது. பணம் கொடுக்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று ஊர் முடிவெடுத்திருந்தது.

நிர்மலா விடவில்லை. மூன்று நாள் அவர்களோடு உட்கார்ந்து கதைத்து, கடைசியில் ஒரு பெரிய கரைவலையை ஊரே சேர்ந்து இழுக்கிற படம் என்று முடிவானது. முகம் வரையவேண்டாம் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். வலை இழுக்கிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டுதானே நிற்பார்கள் என்று நிர்மலா சொன்னார். பிரச்சினை அத்தோடு முடிந்தது.

பிரைமர் அடிப்பதற்கு முன் ‘முன்னைய நிலை’ என்று ஒரு படம் எடுக்கவேண்டும் என்பது நிதி நிறுவனத்தின் விதி. பங்குபற்றல் தெரியட்டும் என்று எல்லோரையும் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். அறுபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். சுவரைக் காட்டுவதற்காக எடுத்த அந்தப் படத்தில் சுவர் மட்டும்தான் தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. ஆண்கள் வலையைத் தீட்டினார்கள். பெண்கள் இரண்டு பின்னேரம் வந்து மீன்களைத் தீட்டினார்கள். நான் வீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு வந்தவர்களைச் சரி போட்டேன். ஒரு வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

“அந்த வீடு?” என்று கேட்டேன்.

“அது ஹனீபாட வீடு சேர். அவரு மவுத்து. பெண்சாதி இத்தா இரிக்கா” என்றார்கள்.

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. வராததற்கு அதைவிடச் சரியான காரணம் இல்லை. ஆனால் படிவத்தில் இத்தாவுக்கு இடமில்லை. ‘அனைத்து வீடுகளும் பங்குபற்றின’ என்றால் பார்க்க அழகாக இருக்கும். நான் அந்த வீட்டுக்கும் சரி போட்டேன்.

4. டின்னை மூடச் சொன்னவர்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் போய்ச் சேர்ந்தபோது நிர்மலா சுவரடியில் அலுமினியம் பெயின்ட் டின் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். சுவரின் மேல்பாதியில், நாங்கள் நீலம் தீட்டிய கடலுக்குள்ளிருந்து, கபில நிறத்தில் வரிகள் எழும்பியிருந்தன. வெயில் நன்றாகப் படுகிற இடத்தில் எழுத்தே தெரிந்தது. ‘1. மக்கீன்’ என்று வாசிக்க முடிந்தது. இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் அரைகுறையாக இருந்தன. கீழே போகப் போக மஞ்சள் திட்டுகள்தான். அடியில் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம் தென்னை நிழல்.

“கரி எண்டு நினைச்சேன் சேர். இது தார். வள்ளத்துக்குப் பூசுற தார். தார் மேல தண்ணிப் பெயின்ட் அடிச்சா அது கடிச்சிட்டு மேல வரும். அலுமினியம் ஒரு கோட் அடிச்சா மூடிரும். பிறகு மேல கலர். செவ்வாய்க்கு முடிச்சிடுவேன்.”

எனக்கு உயிர் வந்தது. “அடிங்க” என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அந்த டின்ன மூடுங்க” என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கறுப்பு அபாயா, காலில் மணல்.

“நீங்க தானே இந்தப் படத்துக்குப் பொறுப்பு?”

“ஓம். நீங்க?”

“ஹனீபாட பெண்சாதி. ஸீனத்து. இத்தா முடிஞ்சி நேத்துத்தான் வெளிய வந்தன். அந்தச் சுவருக்குள்ள என்ட பேரு இரிக்கி. அது வெளிய வாற வரைக்கும் மூட விட மாட்டன்.”

அவர் சொன்னதை என் சொற்களில் சுருக்கிச் சொல்கிறேன். அந்தக் கரையில் எட்டு வலைகள். ஒரு நாளில் ஒரு வலைதான் போடலாம், கரை அவ்வளவுதான். ஆகவே பருவம் தொடங்குமுன் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எத்தனையாவது முறை என்று முடிவெடுப்பார்கள். அது சங்கப் புத்தகத்திலும் ஏறும், சுவரிலும் தாரால் எழுதப்படும். இந்த முறை ஹனீபாவுக்கு ஏழாவது சீட்டு விழுந்தது. சீட்டு விழுந்து சில நாட்களில் அவர் நெஞ்சுவலியில் மவுத்தானார். வலைக்காரர் மவுத்தானால் அவருடைய முறை விழுந்துவிடும் என்பது சங்க வழக்கம். ஆனால் நாற்பதாம் நாள் கத்த ஓதலில் ஊர் கூடியிருந்து சாப்பிட்டபோது, அந்த முறை ஸீனத்துக்கே இருக்கட்டும் என்று பேசி, சுவரில் ‘7. ஹனீபா’ என்று இருந்ததற்குப் பக்கத்தில் ‘ஸீனத்து’ என்று தாரால் எழுதினார்கள். புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. அந்த ஊரில் பெண்ணின் பெயர் வலை முறையில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் நான் டேப்போடு போய் இறங்கினேன்.

பருவம் தொடங்கியதும் புதிய பட்டியலை ஒரு பலகையில் எழுதிக் கதவடியில் தொங்கவிட்டார்கள். அதில் ஏழு பெயர்கள்தான். ஸீனத்து வீட்டுக்குள் இத்தா இருந்தார். அவருடைய தம்பியோ மக்கீன் நானாவின் வள்ளத்தில் வேலை செய்கிறவர், வாய் திறக்கவில்லை. மற்ற ஏழு பேருக்கும் எட்டு நாளைக்கு ஒருமுறை வந்த வலை இப்போது ஏழு நாளைக்கு ஒருமுறை வந்தது. அவர்கள் ஏன் வாய் திறக்கப் போகிறார்கள்?

“ஒரு பருவம் முழுக்க வலை தண்ணில எறங்காட்டி, அடுத்த சீட்டுல அந்த வலைக்குப் பேரு இல்ல சேர்” என்றார் ஸீனத்து. “எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. அந்த வலைய விட்டா எங்களுக்கு வேற ஒண்டும் இல்ல. பருவம் முடிய இன்னும் ரெண்டு மாசந்தான்.”

நிர்மலா டின்னை மூடினார். பிறகு தயங்கித் தயங்கி, “மேல இருக்கிறத மட்டும் மூடட்டா? கீழ அப்பிடியே விடுவம். அது வரும் தானே” என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஸீனத்து மாட்டேன் என்று தலையாட்டினார். “மேல எல்லாத்தயும் மூடிட்டு என்ட பேரு மட்டும் தனியா வந்தா, நானே தார் கொண்டு வந்து பூசினன் எண்டு சொல்லுவாங்க. எல்லாரும் அவங்கவங்க எடத்துல நிக்கோணும். நானும் என்ட எடத்துல நிக்கோணும்.”

மூன்று பேரில் பள்ளிக்கூடம் குறைவாகப் போனவர் அவர்தான். சரியாக யோசித்தவரும் அவர்தான்.

5. ஏழு பேரோடு இருக்கவேண்டியவர்

அங்கிருந்து நேரே மக்கீன் நானாவின் கரையோர மீன் வாடிக்குப் போனேன். பிளேன்டீ கொடுத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“நானா, ஹனீபாட முறைய ஸீனத்துக்கு எழுதினீங்களா?”

“சங்கப் புத்தகத்துல இரிக்கா?”

“இல்ல எண்டுதான் சொல்றாங்க.”

“அப்ப இல்ல.”

“ஊரே கண்டிருக்குமே நானா.”

அவர் கடலைப் பார்த்தார். “சேர், ஹனீபா என்ட கூட்டாளி. கத்தத்தன்னைக்கு மனசு ஒடஞ்சி போய் இருந்த நேரம், எல்லாரும் ஒண்ட சொன்னம். பொறகு யோசிச்சா, போன பருவமே மீன் இல்ல. எட்டு நாளைக்கு ஒருக்கா வலை போட்டா ஆளுக்கு என்ன மிஞ்சும்? மத்த வலைக்காரரும் வந்து கேட்டாங்க. நான் தலைவர். நான் ஏழு பேரோட இரிக்கோணும் தானே?”

“அவவும் ஒரு ஆள் தானே நானா?”

“பொம்புள எப்பிடி வலை போடுற?”

“ஹனீபாவும் தனிய இழுக்கல்லயே. இருவது பேர் தானே இழுத்தாங்க?”

அவர் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். “டீ ஆறுது” என்றார். ஒரு கெட்டவனோடு சண்டை பிடித்துவிடலாம். உள்ளுக்குள் வெட்கப்படுகிற நல்லவனோடு என்ன செய்வது? குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

6. மெடம் கேட்டது

கொழும்பில் எங்கள் பொறுப்பாளரை எல்லோரும் மெடம் என்போம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“அன்ஸார், இது வில்லேஜ் பொலிடிக்ஸ். இதுக்குள்ள நாங்க போகக்கூடாது.”

“நாங்க தான் மெடம் அதுக்கு மேல பெயின்ட் அடிச்சது.”

“வியாழக்கிழமை அவங்க வந்து கறை பிடிச்ச சுவரைப் பார்த்தா செகண்ட் ஃபேஸ் போயிடும். உச்சமுனையில வோல் ரெடி பண்ணிட்டாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க? ஒரு ஆளுக்காக ரெண்டு ஊரை விடப்போறீங்களா?”

அந்தக் கேள்வி நியாயமானது.

ஒன்று மட்டும் சொல்லலாம். முகாமில் பட்டியல் எழுதிய காலத்தில், ஒரு நாள் பிரதி எடுக்கும்போது களைப்பில் ஒரு குடும்பத்தை விட்டுவிட்டேன். அந்த வாரம் அவர்களுக்கு அரிசி இல்லை. அந்த மனிதர் என்னிடம் வந்து கோபிக்கவில்லை. “தம்பி, நாங்க இந்த முகாம்ல தான் இரிக்கிறமா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க” என்றார். நானும் அதே முகாமில் அவருக்கு நான்கு கொட்டில் தள்ளி இருந்தவன். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, பல நாள் வேறு வழியாகத் தண்ணீருக்குப் போனேன்.

“மூட மாட்டேன் மெடம்” என்றேன். துணிச்சலாகச் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னபோது, அவர் “உங்களுக்கு ரிட்டயர் ஆகுற வரைக்கும் வாய மூடிட்டு இரிக்க ஏலாதா?” என்றார். அதுவும் நியாயமான கேள்விதான்.

7. வியாழக்கிழமை

பிரதிநிதியாக வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மரியாதையானவர். பிள்ளைகள் வெற்றிலைத் தட்டு கொடுத்தார்கள், மக்கீன் நானா இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு எல்லோரும் சுவரடிக்குப் போனோம். அதற்குள் நான்கு வரிகள் தெளிவாக வந்திருந்தன. வலை இழுக்கிற ஆட்களின் முதுகுக்கு மேலாகப் பழைய எண்ணெய் சிந்தினது போலத் தார் ஓடியிருந்தது. உண்மையைச் சொன்னால் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

நான் விளக்கம் சொன்னேன். கரைவலை, முறை, சீட்டு, இத்தா, தார். மெடம் அதை ஆங்கிலத்தில் மாற்றினார். நான் பத்து நிமிடம் சொன்னது அவர் வாயில் ஒரு நிமிடமாகியது. பெண்மணி தலையசைத்தார், இரண்டு படம் எடுத்தார், நன்றி சொன்னார். ஸீனத்து கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். அவரைக் காட்டி ஏதாவது சொல்வோமா என்று நினைத்தேன். அவரையும் ஒரு காட்சிப் பொருளாக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. மேற்பரப்பை முறையாகப் பரிசோதிக்காமல் வேலை தொடங்கப்பட்டதாகவும், இரண்டாம் கட்டம் வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படுவதாகவும் எழுதியிருந்தது. முதல் பாதி முழு உண்மை. என் ஒப்பந்தம் வருட முடிவோடு முடியும் என்று மெடம் தனியாக ஒரு மின்னஞ்சல் போட்டார். நல்ல வார்த்தைகளில்தான் போட்டிருந்தார்.

வண்ணாத்திவில்லு அதிபருக்குத் தொலைபேசியில் சொன்னேன். உச்சமுனைக்கு நேரில் போகவேண்டும் என்று தோன்றியது. வள்ளத்தில் போய் இறங்கினால், மாதர் சங்கப் பெண்கள் சுவரின் பழைய சுண்ணாம்பை முழுதாகச் சுரண்டி, கழுவி, பளிச்சென்று வைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தலைவி தன் கைகளைப் பார்த்தார். கரண்டி பிடித்துச் சுரண்டியதில் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

“அப்ப நாங்க சொரண்டினது சும்மாவா சேர்?”

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரிடம் ‘இல்லை’ என்று சொன்னவன் நான். அன்று அந்தக் கைகளைப் பார்க்காமல் வள்ளத்துக்கு நடந்தேன்.

8. கையெழுத்து

இதற்கிடையில் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. சந்தைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். “ஆறு வந்திட்டு” என்று ஒருநாள் நிர்மலா செய்தி அனுப்பினார். அவருக்குச் சம்பளம் முடிந்துவிட்டது. இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை சிலாபத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சுவரில் நிழல் விழுத்திய தென்னையோலைகளை ஊராரைக் கொண்டு வெட்டுவித்திருந்தார். வெயில் பட்டால் தார் இளகும் என்பது அவருடைய கணக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். நானும் அங்கே தொழுதுவிட்டு வந்தேன். சுவரடியில் ஸீனத்து நின்றார். ஏழாவது வரி வந்திருந்தது. ‘ஹனீபா’ மங்கலாக இருந்தது. பக்கத்தில் ‘ஸீனத்து’ கறுகறுவென்று இருந்தது. பிந்தி எழுதிய தார், ஆகவே அதிகமாகக் கசிந்திருக்கிறது என்று நிர்மலா பிறகு சொன்னார். அதற்குக் கீழே எட்டாவது பெயரும் தொடங்கியிருந்தது.

ஆட்கள் நின்றார்கள். மக்கீன் நானா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தார்.

“நானா,” என்றார் ஸீனத்து. குரலை உயர்த்தவில்லை. “இது ஆர்ட கையெழுத்து?”

எனக்கு அது வரைக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் மக்கீன் நானாவையே பார்த்தார்கள். அவர் சுவருக்கு மிகக் கிட்டப் போய், அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். தார் விரலில் ஒட்டியது.

“என்ட தான்” என்றார்.

ஏழு வலைக்காரரில் ஒருவர், “நானா, புத்தகத்துல இல்லயே” என்று இழுத்தார்.

“புத்தகத்துல நான் எழுதல்ல. இங்க எழுதினன். ஊருக்கு முன்னுக்கு எழுதினன்.” அவர் அந்த ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஸீனத்து, போன முறையெல்லாம் போனதுதான். அத என்னால திருப்பித் தர ஏலா. வாற புதன் ஒன்ட நாள்.”

பிறகு கதவடியில் தொங்கிய பலகையைக் கழற்றி, தார்ப் பேணி கொண்டுவரச் சொல்லி, ஸீனத்துவின் பெயரை ஏழாவதாக எழுதினார். எட்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்ட வலைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் வீட்டில் வயிறுகள் இருக்கின்றன.

9. படித்துக்கொண்டது

நான் செய்தது சரியென்று மார்தட்டத் தயாரில்லை. ஒரு ஊரில் ஒருவருக்கு முறை கிடைத்தது, இரண்டு ஊர்களுக்குப் படம் கிடைக்கவில்லை. உச்சமுனைப் பெண்ணின் உள்ளங்கை இன்னும் நினைவுக்கு வருகிறது. முதல் நாளே அந்தச் சுவரை நின்று வாசித்திருந்தால் இரண்டில் ஒன்றையும் இழந்திருக்கத் தேவையில்லை. பக்கத்துச் சுவர் ஒன்று பதினெட்டு அடியில் சும்மா கிடந்தது. ஏழடி கூடுதலாக வேண்டும் என்ற என் ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சுவரை அளக்குமுன் வாசியுங்கள். வாசித்தபின் அது யாருக்கு வேண்டியது என்று கேளுங்கள். வராத வீட்டுக்குச் சரி போடாமல், வாசலில் நின்றாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். உத்தியோகத்தை விட்டு வருமுன், இடத் தெரிவுப் படிவத்தில் ‘சுவரில் ஏற்கனவே என்ன எழுதப்பட்டுள்ளது, யாரால், யாருக்காக’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினேன். படிவம் இரண்டு பக்கத்தைத் தாண்டுகிறது என்று அதை வெட்டிவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஸீனத்துவின் வலை காலையில் கடலில் இறங்கியது. இருபது பேர் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வலையின் மடி கரைக்கு வர மூன்று மணித்தியாலம் ஆனது. ஊரில் பாதி வேடிக்கை பார்க்க நின்றது. மடியை அவிழ்த்தார்கள். சொறிமீனும் பாசியும்தான். ஒரு கூடை நிரம்பாத சூடைமீன். இழுத்தவர்கள் மணலில் குந்திவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு இதுவா என்று எனக்கு அழுகையே வந்தது.

“கவலப்படாதீங்க தங்கச்சி” என்றேன்.

ஸீனத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆரு கவலப்பட்ட? போன வாரம் மக்கீன் நானாட வலையும் இப்பிடித்தான் வந்திச்சி. அவருக்குப் போய் ஆராச்சும் ஆறுதல் சொன்னாங்களா?”

சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டாமல் குந்தியிருந்த ஆட்களை அதட்டப் போய்விட்டார்.